யோசிக்கிற மாதிரி ஒரு கை

ஜனவரி 12

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். பயணத்தில் ஒரு குறையும் இல்லை, வந்து சேர்ந்துவிட்டேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் குனிந்தே உட்காராதே.

மாளிகை வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "எழுதறதா இருந்தா கடிதமா எழுதுங்க. ஸ்டாம்ப் நாங்க ஒட்டிக்கறோம்" என்றார் செயலாளர். ஒட்டுகிற வேலை அவர்களுடையது என்றால் பிரிக்கிற வேலையும் அவர்களுடையதுதான். அதனால் கையெழுத்தைத் தெளிவாகவே எழுதுகிறேன்.

அறை பெரியது. வடக்கே ஆள் உயர ஜன்னல், படம் வரையத் தோதான வெளிச்சம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

ஓய்வுபெற்ற நீதிபதியை நான் வரைந்தேனே, கன்னத்தில் விரல் வைத்து யோசிக்கிற படம், அதை நாட்டையே ஆளுகிற பெரியவர் எங்கோ பார்த்திருக்கிறார். தனக்கும் அப்படி ஒன்று வேண்டுமாம். "உடுப்பு போட்டு, மெடல் குத்தி எவ்வளவோ படம் இருக்கு. நான் யோசிக்கிறத யாரும் வரைஞ்சதில்ல" என்றார். மிக மெதுவான குரல். அவர் பேசும்போது அறையில் இருந்த எல்லோரும் மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டார்கள். நானும்தான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கவலைப்படாதே.

உன் அண்ணன்

*

ஜனவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சியின் வணக்கம். எனக்கு முன்னால் இதைப் படிக்கிறவருக்கும் வணக்கம். உறையின் வாயில் பசை இரண்டு தடவை தடவியிருந்தது. ஒரு தடவை போதும், நன்றாகத்தான் ஒட்டுகிறது.

எனக்கு உடம்பு பரவாயில்லை. உங்கள் மாப்பிள்ளையைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. அச்சகத்தைப் பூட்டி அவரைக் கூட்டிப்போனதோடு சரி. எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் "இங்க இல்லம்மா" என்கிறார்கள். எங்கே இருக்கிறார் என்றால் கூரையைப் பார்க்கிறார்கள்.

நடந்தது இப்போது ஊருக்கே தெரியும், எழுதுவதில் மறைக்க ஒன்றும் இல்லை. பெரியவரின் பேச்சை அச்சடித்தபோது 'மக்களைக் காக்கும் கரம்' என்று வரவேண்டியது 'மக்களைத் தாக்கும் கரம்' என்று வந்துவிட்டது. புரூஃப் பார்த்தவர் இவர். இவர் கண்ணுக்கு அது தப்பிவிட்டது. விசாரணைக்கு வந்தவர் படித்தவராம். "ஒரு எழுத்து மாறினா பிழைன்னு விட்டுடலாம். முன்னால இருந்த 'க்' கூட 'த்' ஆகி சந்தி சரியா விழுந்திருக்கே, அது எப்படி?" என்று என் கண் முன்னாலேயே கேட்டார். தப்பு தப்பாக இருந்திருந்தால் விட்டிருப்பார்கள் அண்ணா. தப்பு சரியாக இருந்ததுதான் தப்பாகிவிட்டது.

நீங்கள் பெரியவருக்கு நேர் எதிரே உட்காருகிறீர்கள். இந்த நாட்டில் எத்தனை பேருக்கு அந்த இடம் கிடைக்கும். சமயம் பார்த்து ஒரு வார்த்தை. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி

*

பிப்ரவரி 10

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான் நலம். குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

வேலை நகரவில்லை. முகம் வந்துவிட்டது. கைதான் தகராறு செய்கிறது. யோசிக்கிற கை என்பது லேசான விஷயமில்லை. மோவாய் உள்ளங்கையில் அழுந்தினால் தூங்குகிறவன் ஆகிவிடுவான். முஷ்டியை வைத்தால் பல்வலிக்காரன். நெற்றியில் வைத்தால் வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருக்கும். விரல் நெற்றிப் பொட்டைத் தொட வேண்டும், ஆனால் தலைக்கு அந்தக் கை இருக்கிற நினைவே இருக்கக் கூடாது.

பெரியவர் கையைக் கன்னத்தில் வைக்கிறார், கண்ணை மட்டும் கதவை விட்டு எடுக்க மாட்டேன் என்கிறார். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்தபடியே இருக்கிறார். காவல் காக்கிற கண்ணோடு யோசனை சேர்ந்து வராது. இதை அவரிடம் சொல்ல முடியுமா? "வெளிச்சம் சரியில்லைங்க" என்று சொல்லிச் சொல்லி வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டு வருகிறேன். போன வாரம் அவர் சிரித்துக்கொண்டே, "வெளிச்சம் சரியில்லையா, ஆள் சரியில்லையா?" என்று கேட்டார். சிரிப்பு அவர் வாயில் மட்டும் இருந்தது.

அதன் பிறகு செயலாளர் ஒரு வழி சொன்னார். முகத்தைப் பெரியவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், கையையும் தோளையும் வேறு ஆளை உட்கார வைத்து வரையலாம். பொருத்தமான ஆள் கிடைக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, மன்னிக்கவும்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கையைப் பற்றி எழுதினீர்கள், மோவாயைப் பற்றி எழுதினீர்கள், பல்வலியைப் பற்றிக்கூட எழுதினீர்கள். அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கல்லைத் தின்றவன்கூட இப்படி வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான்.

கடை முதலாளி என்னை உள் அறைக்கு மாற்றிவிட்டார். கண் பரிசோதிக்க வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் சங்கடப்படுகிறார்களாம். மாடிவீட்டு அம்மா படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறார். நான் யாரோடும் பேசுவதில்லை. சுவரோடு பேசினால் சுவருக்கு ஆபத்து.

யோசிக்கிற கைக்கு ஆள் தேடுகிறார்களாமே. அந்தக் கை நம் வீட்டில்தானே இருந்தது. சாயங்காலம் மேஜையில் புரூஃப் தாளை விரித்தால் இடதுகை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். "கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில கை வைக்கக் கூடாது" என்று நான் தட்டிவிடுவேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி அங்கேயே இருக்கும். கூப்பிட்டால் காதில் விழாது. அதைவிட நல்ல கையை அந்த மாளிகை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சி

*

மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். உன் நலத்தை எழுது.

கைக்கு ஆள் வந்துவிட்டது. பெயர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேசக் கூடாது என்பது உத்தரவு. காலையில் காவலாள் அழைத்து வருகிறான், வெளிச்சம் இறங்கியதும் அழைத்துப் போகிறான்.

மிக நல்ல கை. வலது நடுவிரலில் பேனா அழுத்திய மேடு. இடது மணிக்கட்டுக்கு மேலே இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பு, படகு மாதிரி. ஆள் மெலிந்திருக்கிறார், ஆனால் நிமிர்ந்து உட்காருகிறார். கொஞ்சம் இருமல் உண்டு. மேஜை ஓரத்தில் நான் மறந்து வைக்கிற ரொட்டியை எடுத்துச் சாப்பிடுகிறார். நான் தினமும் மறந்துவிடுகிறேன்.

கை வரைவது அவசர வேலை இல்லை. ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. குளிர்காலத்தில் எண்ணெய்ச் சாயம் காய நாளாகும் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்

*

மார்ச் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பல நாளுக்குப் பிறகு இந்த வாக்கியத்தை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கடையின் உள் அறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். அழவில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்கள்.

நல்ல படத்துக்கு அவசரமே ஆகாது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். பூச்சு எல்லாம் நன்றாகக் காயட்டும். உங்களுக்கு உதவியாக உட்காருகிறவருக்கு இருமல் என்று எழுதியிருந்தீர்கள். வெந்நீர் கொடுத்தால் தேவலை. குளிர் காற்று முதுகில் படாமல் நாற்காலியைத் திருப்பிப் போட முடியுமானால் போடுங்கள். யாராக இருந்தாலும் ஒரு மனுஷர்தானே.

உங்கள் தங்கச்சி

*

ஏப்ரல் 4

தங்கச்சி,

இது தபாலில் வரவில்லை. படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நல்ல மனுஷர், நம்பலாம். படித்ததும் எரித்துவிடு.

ஆமாம், மாப்பிள்ளைதான். நீ புரிந்துகொண்டாய் என்று தெரியும்.

உன் பிப்ரவரி கடிதத்தைச் செயலாளர் பிரித்த நிலையிலேயே என் மேஜையில் வைத்தார். "உங்க தங்கச்சி நல்லா எழுதறாங்க" என்றார். நாலு நாள் கழித்து அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைமுடி வெட்டி, யாருடையதோ ஒரு சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். செயலாளர் அவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். நான் மாப்பிள்ளையின் கையை மட்டும் பார்த்து, "சரியா இருக்கும்" என்றேன். மாப்பிள்ளையும் என்னை நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் இப்படி ஒத்துப்போனதே இல்லை.

ஒரு நாள் பெரியவர் சொல்லாமல் உள்ளே வந்து மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றார். "இவன் என்ன யோசிக்கிறான்?" என்றார்.

"ஒண்ணும் யோசிக்கலைங்க. நான் வெச்ச மாதிரி உட்கார்ந்திருக்கார்" என்றேன்.

"யோசிக்கிற மாதிரிதான் இருக்கு" என்றார். குரலில் என்ன இருந்தது தெரியுமா? பொறாமை. கோபமாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

மஞ்சள் காயவில்லை, துணி இழுக்கிறது என்று என்னென்னவோ சொல்லி நாளைத் தள்ளுகிறேன். செயலாளர் நேற்று, "மே மாசம் திறப்பு விழா. அதுக்கப்புறம் இந்த ஆள் தேவைப்பட மாட்டான்" என்றார். தேவைப்படாதவர்கள் எங்கே போவார்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 11

அண்ணா,

சட்டம் போடுகிறவர் வாசலிலேயே காத்திருக்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன்.

கோபத்தில் நான் எழுதிய நாலு வரிதான் அவரை அங்கே கொண்டுவந்திருக்கிறது. அதனால் காப்பாற்றினேனா, காட்டிக்கொடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

இனிமேல் நாளைத் தள்ளாதீர்கள். தள்ளித் தள்ளி ஒரு நாள் தள்ள இடமிருக்காது. கேளுங்கள். உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பல்லி விழுந்தால் என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னவர் நீங்கள். இந்தத் தடவை என்னால் அங்கே வர முடியாது.

தங்கச்சி

*

மே 29

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

படம் முடிந்தது. பெரியவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எல்லா அலுவலகங்களிலும் மாட்டுவதற்கு அதே அளவில் நகல்கள் வேண்டுமாம். அச்சடித்தால் போதாது, கையால் வரைந்ததாக இருக்க வேண்டும் என்கிறார். அதனால் நான் கொஞ்ச காலம் இங்கேதான். என் வீட்டுச் சாவியை நீயே வைத்துக்கொள். முன் அறையில் இருக்கும் சாயக் குப்பிகள் காய்ந்து போகும், யாராவது கேட்டால் கொடுத்துவிடு.

உன் அண்ணன்

*

ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைச் சட்டம் போடுகிறவர் கையில் தருகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறீர்களா?

அவர் வந்துவிட்டார்.

நீங்கள் எழுதாததை எல்லாம் அவர் சொன்னார். உடனே சொல்லவில்லை. வந்த முதல் வாரம் "தண்ணி" என்பார், "கதவு சாத்தியிருக்கா" என்பார், அவ்வளவுதான். பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

இவர் ஓரமாக நின்றுகொண்டிருக்கும்போதே பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன வேணும், கேளு" என்றாராம். நீங்கள், "எல்லா நகலையும் நானே இங்கேயே இருந்து வரையறேங்க. எத்தனை வருஷம் ஆனாலும் சரி. கை எனக்கு மனப்பாடமாயிடுச்சு. இந்த ஆளை அனுப்பிடலாம்" என்றீர்களாம். செயலாளர், "வெளியே போய் இது என் கைன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான்" என்றாராம். அதற்கு நீங்கள், "அவர் படத்தைப் பார்த்ததே இல்லைங்க. அவர் உட்கார்ந்த பக்கம் படத்தோட முதுகுதான். தன் கை அதுல எப்படி வந்திருக்குன்னே அவருக்குத் தெரியாது. மீறி ஏதாவது நடந்தா நான்தான் இங்க இருக்கேனே" என்றீர்களாம்.

"அத்தனை பேர் நடுவுல உங்க அண்ணன் எவ்வளவு பயந்திருந்தார்னு எனக்குத் தெரிஞ்சது. ஆனா வாக்கியம் ஒண்ணுகூட உடையல" என்றார் இவர். புரூஃப் பார்க்கிறவர் வேறு எப்படிச் சொல்வார்.

வாரா வாரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஊரை விட்டுப் போகக் கூடாது. போனால் உங்களுக்கு என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். அத்தனை நாள் அப்படி உட்கார்ந்து என்ன யோசித்தீர்கள் என்று. வீட்டை நினைத்தேன், உன்னை நினைத்தேன் என்பார் என்று பார்த்தேன். "ஒண்ணும் யோசிக்கல. கை நடுங்கிக்கிட்டே இருந்தது. நடுங்கறது தெரிஞ்சா வேற ஆளைக் கொண்டாந்துடுவாங்கன்னு விரலைப் பொட்டுல வெச்சு அழுத்திக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான்" என்றார்.

உங்களுக்கு அது தெரியுமா அண்ணா?

உங்கள் தங்கச்சி

*

ஜூலை 27

தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறேன், தூங்கவும் தூங்குகிறேன். மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிடட்டும்.

தெரியும். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. சும்மா தொட்டுக்கொண்டிருக்கிற விரல் வெளுக்காது, அழுத்துகிற விரலின் நுனிதான் ரத்தம் வற்றி வெளுக்கும். இருபது வருஷம் கை வரைந்தவனுக்கு இது தெரியாமல் போகுமா. அதைச் சரிசெய்து, இளம் சிவப்பாகப் பூசியிருக்கலாம். கை வரவில்லை. வெள்ளையாகவே விட்டேன். பெரியவர் கிட்டே வந்து பார்த்து, "எவ்வளவு தீவிரமா யோசிக்கிறேன் பாரு" என்றார். செயலாளர் மட்டும் அந்த விரலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். அவருக்கும் மறைக்க ஒரு கை உண்டு என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இப்போது பெரியவர் கூட்டங்களில் அப்படியே உட்காருகிறார். படத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறார். பத்திரிகையில் பார்த்திருப்பாய். இன்னொரு ஆள் அப்படி உட்கார்ந்திருந்த போட்டோ ஒன்று எங்கிருந்தோ அவர் கண்ணில் பட்டிருக்கிறது, ஏதோ கல்லூரி வாத்தியாராம். அந்த வாத்தியாரைப் பற்றி இங்கே யாரும் இப்போது பேசுவதில்லை.

மாப்பிள்ளையிடம் சொல். வெளியே எங்கேயும் கையைக் கன்னத்தில் வைக்க வேண்டாம். பஸ்ஸில், கடையில், வாசலில், எங்கேயும். இனி அது அவருடைய கை இல்லை.

சட்டம் போடுகிறவரை இரண்டு வாரமாகக் காணோம். இதை எடுத்து வருகிறவர் புதியவர். பார்த்துப் பேசு.

அண்ணன்

*

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சியின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலம் பற்றி ஒரு வரி வந்தால் போதும், நீளமாக எழுத வேண்டாம். புதியவரை நம்பலாமா என்று தெரியவில்லை, இதைத் தபாலிலும் போட முடியாது. நம்பிக்கையான ஆள் கிடைக்கிறவரை இது என்னிடமே இருக்கும்.

எங்கள் ஸ்டேஷனுக்குப் பெரியவரின் படம் வந்துவிட்டது. கையெழுத்து மேஜைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். இவரோடு நானும் போயிருந்தேன். இவர் இடதுகையைப் பையில் விட்டபடி வலதுகையால் கையெழுத்துப் போட்டார், நிமிரவில்லை. எழுத்தர் நல்ல மனநிலையில் இருந்தார். "பாருங்க, நம்மள பத்தித்தான் யோசிச்சுக்கிட்டிருக்கார்" என்றார். இவர் "ஆமாங்க" என்றார்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மகனைத் தேடி வந்தவர் என்று நினைக்கிறேன். நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் சாய்ந்து, "நல்லா வரைஞ்சிருக்காங்க இல்ல" என்றார். நல்ல படம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது தன் விரலைத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு அவசரமாகக் கையை மடியில் இறக்கிக்கொண்டார். நான் அவர் கையை எடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் பழைய பத்திரிகை ஒன்றை மேஜையில் விரித்து, பென்சிலை எடுத்து, யாரும் கேட்காத பிழைகளைத் திருத்த ஆரம்பித்தார். வந்த பிறகு இதுதான் முதல் தடவை. இடதுகை பையிலிருந்து வெளியே வந்தது. மேஜைமேல் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு தானாகவே மேலே போய்க் கன்னத்தில் உட்கார்ந்தது. விரல் வெளுக்கவில்லை, நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

தட்டிவிடவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன், திரையையும் இழுத்துவிட்டேன். விளக்கைப் போட்டுவிட்டு, அவர் யோசித்து முடிக்கிறவரை வாசல் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் தங்கச்சி